பதில் வராத கணிப்புகள்

செவ்வாய்க்கிழமை மத்தியானம் பன்னிரண்டு இருபதுக்கு, நாற்காலியை விட்டு ஓர் அங்குலம்கூட நகராமல், சரிபார்ப்பவர் பதினேழு படி ஏறினார்.

அவருடைய மணிக்கட்டில் இருந்த பட்டை அப்படித்தான் சொன்னது. கர்ர் என்று ஒரு முறை அதிர்ந்துவிட்டு, பெருவிரல் நகம் அளவே இருந்த திரையில் 'பதினேழு படிகள். அருமை!' என்று ஒரு வரியையும், பக்கத்தில் கைதட்டும் இரண்டு குட்டிக் கைகளையும் காட்டியது. அவர் அந்த நேரத்தில் பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்துக்கொண்டிருந்தார். பிஸ்கட் பாதியில் ஒடிந்து டம்ளருக்குள் விழுந்ததைத் தவிர அந்த மேசையில் வேறு எந்த அசைவும் இல்லை.

அவர் வேலை பார்த்த கம்பெனி இந்தப் பட்டையைத்தான் செய்து விற்றது. நாடி, தூக்கம், வியர்வை, நடை, விரல் நடுக்கம் என்று ஓர் ஆளிடமிருந்து கறக்கக்கூடியதையெல்லாம் கறந்து, அவருக்கு எப்போது தலைவலி வரும், எப்போது பிள்ளைகள் மேல் எரிந்து விழுவார், எத்தனை மணிக்கு 'ஒரே ஒரு துண்டு' என்று இனிப்பு டப்பாவைத் திறப்பார் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடும். கம்பெனித் தலைவருக்கு ஊழியர்கள் தீர்க்கதரிசி என்று பெயர் வைத்திருந்தார்கள். வாரம் ஒருமுறை மேடையேறி, 'நாளை என்பது இன்னும் எண்ணப்படாத நேற்று' என்பது மாதிரி ஏதாவது சொல்லிவிட்டு, சொன்னதன் கனம் தாங்காமல் தானே அரை நிமிடம் கண்ணை மூடி நிற்பார். ஐந்து நிமிடம் பேசுகிறேன் என்று அவர் ஆரம்பித்தால் ஐம்பது நிமிடம் ஆகும் என்பதைக் கணிக்க மட்டும் யாருக்கும் பட்டை தேவைப்படவில்லை.

சரிபார்ப்பவரின் வேலை அந்தத் தீர்க்கதரிசனத்துக்கெல்லாம் அடித்தளம். ஒவ்வொரு கணிப்புக்கும் உரிய நேரம் கடந்ததும், பட்டைக்காரருடைய போனில் 'நடந்ததா?' என்று ஒரு கேள்வி வரும். ஆம், இல்லை என்று இரண்டு பொத்தான்கள். மூன்று நாள் பதில் வராவிட்டால் அந்தக் கணிப்பு இவருடைய வரிசைக்கு வந்து சேரும், பெயர் இல்லாமல் வெறும் எண்ணோடு. அந்த எண்ணை வைத்து ஆளைக் கண்டுபிடித்து, போன் போட்டுக் கேட்டு, உண்மையைப் பதிய வேண்டும் என்பது விதி. முதல் வாரம் இவர் உண்மையிலேயே போன் போட்டார். ஒருவர் உனக்கு வேறு வேலையே இல்லையா என்று கேட்டார். ஓர் அம்மாள் நாற்பது நிமிடம் அழுதார். வரிசையோ தினம் எண்ணூறு. பிரிவிலோ இரண்டே பேர். இரண்டாம் வாரத்திலிருந்து எல்லாவற்றுக்கும் 'நடந்தது' என்று தட்ட ஆரம்பித்தார். ஒன்றுக்கு ஒன்பது விநாடி. ஆறு வருடம்.

வரவேற்பறைச் சுவரில் பித்தளை எழுத்தில் பதித்திருந்தார்கள்: எங்கள் கணிப்புகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு நடக்கின்றன.

"மிச்சம் மூணு யாரு தெரியுமாண்ணா?" என்று ஒருமுறை பக்கத்து மேசைக்காரி கேட்டாள். "பதில் சொன்னவங்க."

அந்தப் பதினேழு அவரை உறுத்தியது. ஆபீஸில் லிஃப்ட் உண்டு. பதினேழு படி இருந்தது அவருடைய வீட்டில்தான். போன மாதம் மேலிருந்து மூன்றாவது படியில் மனைவி வழுக்கி விழுந்து, கணுக்கால் இரண்டு இடத்தில் உடைந்து, முழங்கால்வரை மாவுக்கட்டோடு மாடி அறையில் கிடக்கிறாள். காலையிலும் இரவிலும் சாப்பாட்டுத் தட்டோடு ஏறி ஏறி, அந்த எண்ணிக்கை அவர் முழங்காலிலேயே பதிந்துவிட்டது.

குறை எழுதி அனுப்பினார். இரண்டு விநாடியில் பதில் வந்தது. 'அன்புள்ள பயனருக்கு வணக்கம். தாங்கள் குறிப்பிட்ட குறைபாடு, பட்டை தளர்வாக இருப்பதால் ஏற்பட்டிருக்கக்கூடும். பட்டையை இறுக்கிக் கட்டவும்.'

நாலு வருடத்துக்கு முன்னால் அவரே எழுதிய பதில். 'ஏற்பட்டிருக்கக்கூடும்' என்ற சொல்லில் அப்போது அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. எதையும் ஒத்துக்கொள்ளாமல் எதையும் மறுக்காமல் ஒரு சொல். இன்றைக்கு அதை வாங்கிக்கொண்ட இடத்தில் இருந்து படித்தபோது, எழுதியவனைக் கூப்பிட்டு நாலு கேட்க வேண்டும் போலிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு பட்டையை ஒரு துளை இறுக்கினார்.

அன்று சாயங்காலம் மாடி அறையில் எதுவோ சரியாக இருந்தது. வழக்கமாக அவர் நுழையும்போது தண்ணீர்க் கூஜா காலியாக இருக்கும், ஜன்னல் திரை கோணலாகத் தொங்கும், மருந்து நெடியும் புழுக்கமும் சேர்ந்து மூக்கை அடைக்கும், கட்டிலோரத்து நாற்காலியில் துணி மலையாகக் குவிந்திருக்கும். அன்று கூஜா நிறைந்திருந்தது. துணிகள் மடித்து வைக்கப்பட்டிருந்தன, அவர் மடிக்கிற மாதிரியே, சட்டையின் கைகளை முதுகுப்பக்கம் கட்டி. காலியான நாற்காலி கட்டிலைப் பார்த்துத் திரும்பியிருந்தது. அறையில் அவருடைய சவரச் சோப்பின் வாசனை. அவர் கீழே கிணற்றடிக் குழாயில்தான் சவரம் செய்வார்.

எதிர்வீட்டு அம்மாள் வந்து போயிருப்பாள் என்று நினைத்துக்கொண்டார். கேட்கவில்லை. கேட்டால் பேச்சு எங்கே போய் முடியும் என்று தெரியும். கட்டுப் போட்ட அன்றைக்கு, தினமும் மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு ஒரு எட்டு வந்து பார்த்துவிட்டுப் போகிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தார். ஆபீஸிலிருந்து வீடு இருபது நிமிடம். ஒரு நாள்கூட வரவில்லை.

புதன்கிழமை. பன்னிரண்டு இருபது. பதினேழு படிகள், அருமை. இரண்டு நிமிடம் கழித்துப் பட்டை மறுபடி அதிர்ந்தது. 'மனைவியின் அருகில் அமர்ந்திருக்கிறீர்கள். நாடி அறுபத்திரண்டு. இருவருக்கும் நல்லது.'

கழுத்தில் விரலை வைத்து எண்ணிப் பார்த்தார். தொண்ணூற்றாறு.

குறை எழுதினார். அன்புள்ள பயனருக்கு வணக்கம். இன்னொரு துளை இறுக்கினார். விரல் நுனிகள் சில்லென்று ஆயின.

அன்று சாயங்காலம் மனைவியே ஆரம்பித்தாள். தலை வாரி, வகிடு எடுத்து, பின்னலை முன்பக்கம் போட்டுக்கொண்டு சாய்ந்திருந்தாள். கட்டு போட்டதிலிருந்து அவள் தலை வாரி அவர் பார்க்கவில்லை.

"நேத்தே சொல்லணும்னு இருந்தேன். மத்தியானம் வர்றீங்களே, நல்லா இருக்கு."

"யாரு வர்றா?"

"சரி, வரல. நான்தான் கனவு கண்டேன்." சிரித்தாள். "போனை ஒரு தடவைகூட எடுக்கல. பேசாம உக்காந்து தலை வாரி விட்டீங்க. அந்தப் பாழாப்போன பட்டையைக்கூடக் கழட்டி வெச்சுட்டு வர்றீங்க பாருங்க. அது இருந்த இடம் மட்டும் வெள்ளை வெளேர்னு கோடு மாதிரி. எத்தனை வருஷமாச்சு உங்க வெறுங்கையைப் பாத்து."

நான் வரவில்லை என்றார். இரண்டு சாவியும் என் வளையத்தில்தான் இருக்கின்றன என்றார். மருந்து மயக்கமாக இருக்கும் என்றார். தான் எரிந்து விழுகிறோம் என்பது சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவருக்குத் தெரிந்தது, நிறுத்த முடியவில்லை. அவள் முகத்தில் இருந்த சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக வற்றியது.

"மத்தியானம் வர்ற மனுஷன் எவ்வளவோ மேல்" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அவர் கீழே வந்து பின்கதவுத் தாழ்ப்பாள், சமையலறை ஜன்னல், குளியலறைக் காற்றுப்புழை எல்லாவற்றையும் ஆட்டிப் பார்த்தார். எல்லாம் கெட்டியாக இருந்தன. அதுதான் எரிச்சலாக இருந்தது. ஏதாவது ஒன்று உடைந்திருந்தால் திட்டுவதற்கு ஓர் ஆள் கிடைத்திருப்பான்.

மறுநாள் காலை விடுப்புக் கேட்டு போனிலேயே எழுதிப் போட்டார். வந்த பதில்: 'தாங்கள் நாள்தோறும் மத்தியானம் வீட்டுக்குச் சென்றுவருவதால் தங்கள் விடுப்பு முழுவதும் கழிக்கப்பட்டுவிட்டது.' எதிர்வீட்டு அம்மாளிடம் போய், இன்று மத்தியானம் என் வீட்டுப் பக்கம் ஒரு கண் வைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டார். அந்த அம்மாள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, நீங்கள்தான் தினமும் வருகிறீர்களே, நான் எதற்கு என்றாள். தலைகூட ஆட்டாமல் உள்ளே போய்விடுகிறீர்கள் என்று குறைப்பட்டுக்கொண்டாள்.

வீட்டிலேயே உட்கார்ந்திருக்கலாம். உட்கார்ந்திருக்க வேண்டும். ஆனால் அவருடைய பட்டையின் முழுப் பதிவையும் திறந்து பார்க்கக்கூடிய திரை ஆபீஸ் மேசையில்தான் இருந்தது. பன்னிரண்டு மணிக்குள் அதைப் பார்த்து, அழிப்பதை அழித்துவிட்டுத் திரும்பிவிடலாம் என்று கணக்குப் போட்டார்.

மேசையில் தன் பட்டை எண்ணைத் தட்டினார். வரிசை வரிசையாக வந்தது. முப்பத்தொரு நாள்.

'பன்னிரண்டு மணிக்கு மனைவியைப் பார்க்கக் கிளம்புவீர்கள்.' பதில் இல்லை. மூன்று நாள் கழித்து: நடந்தது.

'பன்னிரண்டு இருபதுக்கு மாடி ஏறுவீர்கள்.' பதில் இல்லை. நடந்தது.

'அவள் தலையை வாரிவிடுவீர்கள். இன்று பொறுமையாக இருப்பீர்கள்.' நடந்தது. நடந்தது.

பக்கத்தில், சரிபார்த்தவர் என்ற கட்டத்தில், அவருடைய ஊழியர் எண்.

அவருக்கு மெல்ல விளங்கியது. தினமும் பன்னிரண்டு மணி ஆகும்போது, கொடுத்த வாக்கு ஞாபகம் வந்து அவருடைய நெஞ்சு ஒரு கணம் தடக்கென்று அடித்துக்கொள்ளும். உடம்பில் வேறு எதுவும் அசையாது. பட்டை அந்த ஒரு அடியைப் பிடித்துக்கொண்டு, ஆள் கிளம்பப் போகிறார் என்று எழுதியிருக்கிறது. மருந்துக் கடைக்காரர் தன் தும்மலுக்கு மாத்திரை போடாததைப்போல, அவர் தன் பட்டை கேட்ட கேள்வி எதற்கும் பதில் சொன்னதே இல்லை. எல்லாம் வரிசைக்கு வந்து, பெயரில்லாத எண்களோடு எண்ணாக, அவருடைய விரலுக்கடியிலேயே போயிருக்கின்றன. ஒன்பது விநாடிக்கு ஒன்று. அவர் போகாத ஒவ்வொரு நாளும் போனதாக அவரே கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

'நடந்தது' என்பதை 'இல்லை' என்று மாற்றப் பார்த்தார். தலைவரின் அனுமதி தேவை என்றது திரை.

தீர்க்கதரிசியின் அறை வாசலில் ஒன்றரை மணி நேரம் நிற்க வேண்டியிருந்தது. உள்ளே போனதும் தலைவர் எல்லாவற்றையும் கேட்டார், அல்லது கேட்கிற முகத்தை வைத்துக்கொண்டிருந்தார். பிறகு விரல்களைக் கோபுரம்போல் குவித்துக்கொண்டு, சரிபார்ப்பு என்பது ஒரு தவம் என்றார். மூன்று நாள் தவணை தவத்துக்கு இடைஞ்சல் என்பதால் இன்று காலையிலிருந்து அதை எடுத்துவிட்டதாகவும், இனி பதில் வராத கணிப்பு உடனுக்குடன் வரிசைக்கு வந்துவிடும் என்றும் சொன்னார். அனுமதியைப் பற்றி இவர் மூன்றாவது முறை கேட்டபோதுதான் அவருக்கு லேசாக அலுப்பு வந்தது.

"நடந்ததுன்னு பதிவாகியிருக்கு. பதிவானது நடக்காம எப்படிங்க இருக்கும்?" என்றார். "பட்டையைக் கொஞ்சம் இறுக்கிக் கட்டிப் பாருங்க."

தலைவருடைய பட்டை அதிர்ந்தது. அதைக் குனிந்து படித்துவிட்டு, அதில் சொன்னபடி கொட்டாவி விட்டார்.

மேசைக்குத் திரும்பும்போது பன்னிரண்டு இருபத்திரண்டு. மணிக்கட்டு ஏற்கெனவே சொல்லி முடித்திருந்தது. பதினேழு. அருமை. மனைவிக்குப் போன் போட்டார். ஐந்தாவது மணியில் எடுத்தாள்.

"என்னங்க இது விளையாட்டு?" குரலில் சிரிப்பு இருந்தது. "பக்கத்துல உக்காந்துகிட்டே போன் பண்றீங்க?"

"கதவைப் பாரு. யாரு அது? முகத்தைப் பாரு, முகத்தை—"

போனைக் காதோடு அழுத்திக் கேட்டார். மின்விசிறி சுற்றும் சத்தம். சீப்பு முடிக்குள் இறங்கும் சத்தம், மெதுவாக, சிக்கில் நின்று, மறுபடி இறங்கி. பிறகு ஒருவர் தொண்டையைச் செருமினார். இருபது வருடமாக, அடுத்தவர் பேச்சில் குறுக்கிடும்முன் அவர் செருமுகிற அதே செருமல்.

"யாருங்க போன்ல?" என்று மனைவி கேட்டாள். அவரைக் கேட்கவில்லை.

போன் வைக்கப்பட்டது.

பையை எடுக்காமல் எழுந்தார். பக்கத்து மேசைக்காரி அவர் முகத்தைப் பார்த்துவிட்டுப் பதறினாள். அவள் நல்ல பெண். ஆறு வருடத்தில் அவருடைய வேலையை ஒருநாளும் தேங்க விட்டதில்லை.

"நீங்க போங்கண்ணா. உங்க வரிசையையும் நானே தட்டி விட்டுடறேன்."

"சரிம்மா" என்றார். ஓடினார்.

வெளிக்கதவு பட்டையைக் காட்டினால் திறக்கும். காட்டினார். சிவப்பு. துடைத்துவிட்டுக் காட்டினார். சிவப்பு. காவலாளி தன் திரையைப் பார்த்தான்.

"சார், நீங்க பன்னிரண்டுக்கே வெளிய போயிட்டீங்க."

"இங்க நிக்கிறேன்ல?"

"நிக்கிறீங்க சார். ஆனா போயாச்சு. போனவரை மறுபடி வெளிய விட எனக்கு வழியில்லை." யோசித்தான். அவனுக்கும் இவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. "ஒண்ணு பண்ணலாம். பார்வையாளர்னு எழுதிக்கறேன். வந்த நேரம், போற நேரம் ரெண்டையும் இப்பவே போட்டுடலாம்."

பெயர்க் கட்டத்தில் தன் பெயரை எழுதப் போனார். அந்தப் பெயர்தான் சார் போயிடுச்சே என்று காவலாளி ஒரு கோடு இழுத்தான். பெயரில்லாத பார்வையாளராக வெளியே வந்தார்.

இருபது நிமிடம். பாதித் தூரம் வண்டி. பிறகு நெரிசல். இறங்கி ஓடினார். வெயிலில் தார் வாடை. வாயில் செம்பு நாணயத்தின் ருசி. பட்டையைக் கழற்றப் பார்த்தார். கொக்கி தசைக்குள் புதைந்திருந்தது. நாடி அறுபத்திரண்டு என்றது. நெஞ்சு வெடிப்பதுபோல் அடித்தது. அறுபத்திரண்டு.

தெரு. மதில். வாசல்.

சாவி உள்ளே போனது. திரும்பவில்லை. உள்பக்கம் தாழ்.

தட்டினார். உள்ளங்கையால் அறைந்தார். மனைவியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். குரல் கம்மி, அவருக்கே யாரோ கூப்பிடுவது மாதிரி இருந்தது.

மேலே ஜன்னல் திறந்தது. மனைவி எட்டிப் பார்த்தாள். கட்டுக் காலோடு அவ்வளவு தூரம் அவளாக வந்திருக்க முடியாது. யாரோ தாங்கிப் பிடித்திருக்க வேண்டும். முகம் தெளிவாக இருந்தது. பின்னல் தோளில் கிடந்தது. அவர் அண்ணாந்து நின்றார். அவள் பார்வை அவர் நின்ற இடத்தில் இறங்கி, கொஞ்ச நேரம் தேடி, தபால்காரரையோ தண்ணீர் கேன்காரரையோ பார்க்கிற பார்வையாக நின்றது.

"ஏங்க, கீழ யாரோ வந்திருக்காங்க பாருங்க" என்று உள்பக்கம் திரும்பிச் சொன்னாள்.

ஒரு கை வந்தது. ஜன்னல் திரையைப் பிடித்தது. அவருடைய கை. சுண்டுவிரலில் பழைய வெட்டுத் தழும்பு. மணிக்கட்டில் ஒன்றும் இல்லை. வெயில் படாத ஒரு வெள்ளைக் கோடு மட்டும்.

திரை மூடிக்கொண்டது.

மணிக்கட்டு அதிர்ந்தது.

'வாசலில் ஒருவர் கதவைத் தட்டுவார். நீங்கள் திறக்க மாட்டீர்கள். நடந்ததா?'

போனை எடுத்தார். இல்லை. இல்லை. இல்லை. பெருவிரல் நழுவியது. பொத்தான்கள் சாம்பல் நிறத்தில் கிடந்தன. பயனர் வீட்டில் இருக்கிறார் என்றது போன்.

ஆபீஸுக்குப் போன் போட்டார். பக்கத்து மேசைக்காரியின் எண். மணி அடித்தது. வேலை நேரத்தில் அவள் போனை எடுக்க மாட்டாள். கவனம் சிதறும் என்று அவர்தான் சொல்லிக் கொடுத்திருந்தார்.

திரையில் பச்சை. நடந்தது.

அடுத்தது வந்தது.

'தட்டியவர் இனி இருக்க மாட்டார். நடந்ததா?'

ஒன்பது விநாடி. அதையும் அவர்தான் சொல்லிக் கொடுத்திருந்தார்.

கதவை அறைந்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடும்மா. ஐந்து. எடு. உள்ளே மரப்படியில் காலடி, இறங்கவில்லை, அறைக்குத் திரும்பியது. ஏழு. சீப்பு. எட்டு.

பச்சை.

உள்ளங்கை கதவின் மேல் விழுந்தது. சத்தம் வரவில்லை. கதவின் மேற்பாதியில் பதித்திருந்த கண்ணாடியில் மத்தியான வெயில் பளிச்சென்று அடித்தது. எதிர்வீட்டு மதில், சாய்த்து வைத்த துடைப்பம், காலித் தெரு, எல்லாம் அதில் ஓரத்திலிருந்து ஓரம்வரை முழுசாகத் தெரிந்தன. நடுவில் மறைக்க ஒன்றும் இல்லை.